கதையும் துப்பாக்கியும்

பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கும் அமெரிக்கர்களிடையே ஒரு வாக்கு வழங்கிவருகிறது: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கதையை விற்றே நாற்பது வருஷமாக அரிசி வாங்குகிறவன் நான். என் முகத்துக்கு நேரே ஒருவர், 'உன் சரக்குக்கு மதிப்பில்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஆனால் அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பழைய ரிவால்வர் விலைக்கு வரும்போது அது தனியாக வருவதில்லை. கூடவே ஒரு பாட்டனாரும் வருகிறார். அவர் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரராக இருப்பார். அல்லது பாங்குக் கொள்ளைக்காரனைத் துரத்திப் பிடித்த ஷெரீப்பாக இருப்பார். எந்தப் பாட்டனாரும் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அல்ல. ரிவால்வரைத் திருப்பிப் பார்க்கலாம், எண்ணைப் படிக்கலாம், குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கலாம். பாட்டனாரை எப்படிச் சோதிப்பது? ஆகவே அவருக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதே என்கிறார்கள்.

இப்படிச் சொல்கிற அதே உலகத்தில்தான் கதைக்கு மட்டுமே விலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1873 ஜூலை 10-ஆம் தேதி பிரஸல்ஸ் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் பால் வெர்லேன் என்ற பிரெஞ்சுக் கவி, ஆர்தர் ரேம்போ என்ற இன்னொரு கவியைச் சுட்டார். காலையில் கடைக்குப் போய் வாங்கி வந்த ரிவால்வர். மணிக்கட்டில் காயம், உயிருக்கு மோசமில்லை. சுட்டவர் சிறைக்குப் போனார். சுடப்பட்ட பையனுக்கு அப்போது வயது 18. அந்தச் சின்ன ரிவால்வர் 2016 நவம்பரில் பாரிஸில் ஏலத்துக்கு வந்து 4,34,500 யூரோவுக்குப் போயிற்று. அந்த ரகத்தில் சாதாரணமானது ஒன்றை வாங்க அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டியிராது. மிச்சமெல்லாம் கதைக்குக் கொடுத்த விலைதான்.

வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்டதாக நம்பப்படும் ரிவால்வரின் கதை இன்னும் வேடிக்கை. அவர் 1890-இல் இறந்தார். அதற்கு எழுபது வருஷங்களுக்கு மேல் கழித்து, ஓவேர் கிராமத்து வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்த துருப்பிடித்த இரும்பு அது. அதுதான் இது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஊர் பொருந்துகிறது, தோட்டா அளவு பொருந்துகிறது, மண்ணில் கிடந்த காலமும் ஏறத்தாழப் பொருந்துகிறது. அவ்வளவுதான். 2019 ஜூனில் அதை 1,62,500 யூரோ கொடுத்து ஒருவர் வாங்கினார். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை 1881-இல் சுட்டுக் கொன்ற ஷெரீப் பாட் காரட்டின் கோல்ட் ரிவால்வரோ, 2021 ஆகஸ்டில் 60 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதற்கு மட்டும் காகித ஆதாரம் கெட்டியாக இருந்தது.

இந்த விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விசித்திரம் புலப்படும். பழைய ரிவால்வர்களில் இரண்டு ஜாதிக்குத்தான் உயர்ந்த விலை. ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த அட்டைப் பெட்டியோடு, ஒரு தோட்டாகூடச் சுடாமல் எண்ணெய்க் காகிதத்தில் உறங்குவது. மற்றொன்று, பேர்பெற்ற ஒருவரைக் கொன்றது. ஒன்றுமே செய்யாத துப்பாக்கியும், செய்யக் கூடாததைச் செய்த துப்பாக்கியும் மேலே இருக்கின்றன. நடுவில் லட்சக்கணக்கானவை, யாரோ ஒரு போலீஸ்காரர் இடுப்பில் முப்பது வருஷம் தொங்கி, மழையில் நனைந்து, வருஷத்துக்கு ஒருமுறை அட்டைக் குறியைச் சுட்டுவிட்டு ஓய்ந்தவை, சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. ஒழுங்காக வாழ்ந்ததற்கு மார்க்கட்டில் மதிப்புக் குறைவு என்பது துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

ஆயுதத்தைச் சேர்த்து வைத்து அழகு பார்க்கும் மனசை நம்முடைய ஔவையார் வெகு காலத்துக்கு முன்பே கண்டு சிரித்திருக்கிறார். அதியமானுடைய தூதாகத் தொண்டைமானிடம் போனபோது அவன் தன் ஆயுதசாலையைக் காட்டினான். பீலி சூட்டி, நெய் தடவி, காவலுக்குள் பளபளவென்று வைத்திருந்த வேல்கள். ஔவை புகழ்வது போலப் புகழ்ந்துவிட்டு, எங்கள் ஆளுடைய வேல்களெல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று ஒரு போடு போட்டார். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. பள்ளிக்கூடத்தில் படித்தபோது வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. இப்போது அந்தச் சிரிப்பில் என்னால் முழுசாகச் சேர்ந்துகொள்ள முடியவில்லை. அந்த நுனிகள் மனிதர்களைக் குத்தியல்லவா முறிந்தன? தொண்டைமானுடைய வேல் ஒருவரையும் குத்தவில்லை என்பது அவனுக்கு அவமானமாக இருக்கலாம். வேலுக்கு என்ன அவமானம்?

இதையெல்லாம் நான் யோசிக்கும்படி செய்தவர், ஒஹாயோ மாநிலத்துச் சிறிய ஊர் ஒன்றில் என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். 2022 கோடையில் நான்கு மாதம் அங்கே இருந்தேன். மனிதர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர்; எழுபதைத் தாண்டியவர். முந்தின வருஷம் மனைவி காலமாகிவிட்டார். என் பேரனுக்குச் சாயங்காலங்களில் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பார். நான் கூடப் போய் உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் சிநேகிதம் ஆயிற்று.

அவர் தகப்பனார் இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படை விமானத்தில் பணியாற்றியவர். கூடத்துச் சுவரில் படம் இருக்கிறது: தோளிலிருந்து குறுக்கே ஒரு தோல் உறை, அதற்குள் ரிவால்வரின் பிடி மட்டும் தெரிகிறது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி யுத்தத்துக்காகச் செய்த 'விக்டரி' மாடல். சர்க்காருடைய ஆயுதம் ஆகையால் யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார் தகப்பனார். பிள்ளைக்கு இப்போது அதே மாதிரி ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசை. பக்கத்து ஊர்க் கண்காட்சி மைதானத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தையில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். விலை எண்ணூறு டாலர். 'நாளை கடைசி நாள். நீங்களும் வாருங்கள். பழக்கமில்லாத கண் ஒன்று பார்த்தால் நல்லது' என்று கூப்பிட்டார்.

போனேன். நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரிதான். நீளமான தகரக் கொட்டகை, வரிசை வரிசையாக மேஜைகள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் தாய்மார்கள், காபி, உப்பிட்டு உலர்த்திய இறைச்சியின் வாடை. மேஜைகளின் மேல்தான் நமக்குப் பழக்கமில்லாத சாமான்.

நண்பர் அந்த ரிவால்வரைப் பரிசோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்க மாட்டார்கள். முதலில் தோட்டா உருளையை வெளியே தள்ளி, ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு எண்கள். பிடியின் அடியில் வி என்ற எழுத்தோடு ஓர் எண். அதே எண் உருளையின் பின்புறத்தில் இருக்கிறதா, குழலின் அடியில் இருக்கிறதா, மரப்பிடியைக் கழற்றினால் உட்புறத்தில் இருக்கிறதா? எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஒரே உடம்பு. வேறு வேறாக இருந்தால் நாலு பிணங்களை ஒட்டுப் போட்டது. இந்த வி எழுத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1942 ஏப்ரலில் இந்த ரகத்தின் வரிசை எண் பத்து லட்சத்தைத் தொட்டது. அதோடு பழைய கணக்கை முடித்து, வெற்றி என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். பிரிட்டனுக்கும் அதன் சாம்ராஜ்ய நாடுகளுக்கும் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் அனுப்பினார்கள். அவற்றில் பலவற்றின் அறைகளை யுத்தத்துக்குப் பிறகு வேறு தோட்டாவுக்காகக் குடைந்து கெடுத்துவிட்டார்கள். இது அப்படிக் குடைந்ததல்ல.

மெருகு கரிய சாம்பல் நிறம். சமாதான காலத்தில் இதே கம்பெனி நீலக் கண்ணாடி மாதிரி மெருகு போட்டுத் தரும். யுத்த அவசரத்தில் அதற்கு நேரமில்லை. வழவழப்பில்லாத சாம்பல் பூச்சோடு அனுப்பிவிட்டார்கள். பிடியும் செதுக்கு வேலையில்லாத மொட்டை வால்நட் மரம். இந்த மொட்டைத்தனம்தான் சேகரிப்பவருக்கு உயிர். யாராவது இதை அழகுபடுத்துவதாக நினைத்து நீல மெருகு ஏற்றியிருந்தால் விலை பாதியாகிவிடும் என்றார். நம் ஊரில் கோயில் தூண்களின்மேல் மணலைப் பீய்ச்சியடித்து வெள்ளை வெளேரென்று ஆக்கிச் சிற்பத்தின் மூக்கைக் கரைத்தவர்களுக்கு இந்த மனிதரைக் கொண்டுவந்து ஒரு பிரசங்கம் செய்ய வைக்கலாம்.

குறை ஒன்று இருந்தது. படைகளுக்குப் போன விக்டரி ரிவால்வர்களில் பெரும்பாலும் குழலுக்குப் பின்னால் மேல்பட்டையில் அரசாங்க உடைமை என்ற முத்திரை இருக்கும். இதில் இல்லை. விற்பவர் அதற்கும் ஒரு பாட்டனார் வைத்திருந்தார். 'கடற்படைக்குப் போனதில் முத்திரையில்லாததும் உண்டு. இதை வைத்திருந்தவர் கடற்படை விமானி. அவர் மகளே என்னிடம் சொன்னாள்' என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சரித்திர வாத்தியாரும் ஒரு பிள்ளையும் மல்லுக்கு நின்றார்கள்.

காரில் திரும்பும்போது, 'வாங்கலாமா, வேண்டாமா? நாசூக்குப் பார்க்காமல் சொல்லுங்கள்' என்று கேட்டார்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி இவ்வளவு சுலபமாக எழுந்திராது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மனசாட்சி வேலை செய்யத் தொடங்குமுன் சர்க்கார் ஆபீஸ் வேலையை முடித்துவிடும். ஒஹாயோவில் தனி மனிதர் ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கி விற்றால் பின்னணிச் சோதனைகூடக் கட்டாயமில்லை. ஐம்பது வருஷம் கடந்த துப்பாக்கியை அமெரிக்கச் சட்டம் புராதனப் பொருள் என்றே ஒரு தனி இனமாக வைத்திருக்கிறது. முப்பது டாலர் கட்டினால் மூன்று வருஷத்துக்குச் சேகரிப்பாளர் லைசென்ஸ். சட்டம் சும்மா இருக்கிற இடத்தில் மனிதன்தான் தன்னைத் தானே நிறுத்தி விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது மிகவும் சிரமமான காரியம்.

ஆயுதத்துக்குப் பாவம் கிடையாது என்பார்கள். கத்தியும் கொல்லுகிறது, காரும் கொல்லுகிறது என்று நண்பரும் தொடங்கினார். இது எனக்கு ஒருநாளும் பிடிபடாத வாதம். கத்தி கத்தரிக்காய் நறுக்குகிறது. கார் என் பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறது. அவை கொல்லும்போது தம் தொழிலை விட்டுத் தவறிப் போகின்றன. ரிவால்வர் கொல்லும்போது தொழிலில் தேறுகிறது. இதற்காக அதைச் செய்தவனையோ வைத்திருந்தவனையோ நான் பழிக்கவில்லை. அவர் தகப்பனார் சுமந்ததும் அதைத்தான். அவர் எதிர்த்து நின்றவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அதன் தொழில் இன்னது என்பதில் மட்டும் குழப்பம் வேண்டாம் என்றேன்.

'அப்படியானால் மியூசியத்தில் இருக்கிற வாளுக்கு என்ன சொல்கிறீர்கள்?' என்றார்.

நல்ல கேள்விதான். வாளும் கொல்லத்தான் பிறந்தது. ஆனால் வாளை உலகமே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இன்று கோபத்தில் வாளைத் தேடி ஓடுகிறவன் அபூர்வம். ஓடினாலும் அதைச் சுழற்ற உடம்பில் பயிற்சி வேண்டும். ரிவால்வருக்கு இன்னும் ஓய்வு வரவில்லை. சட்டம் அதைப் புராதனம் என்று எழுதிவைத்திருப்பது ரிவால்வருக்குத் தெரியாது. அந்த விக்டரி மாடலுக்கான தோட்டா இன்றைக்கும் கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறது. எண்பது வயதான வீணையின் தந்தி தளர்ந்திருக்கும்; எண்பது வயதான மனிதனுக்குக் கை நடுங்கும். இது பிறந்த அன்று எப்படிச் சுட்டதோ அப்படியே இன்றும் சுடும். சுட விரலைத் தவிர வேறு பயிற்சி வேண்டாம். விரல்கூட வேண்டாம் என்று சொல்ல ஓர் அத்தாட்சி உண்டு. 1944-இல் ஒரு யுத்தக் கப்பலில் இந்த மாடல் ரிவால்வர் ஒன்று கைதவறி இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமியைக் கொன்றுவிட்டது. உள்ளே இருந்த தடுப்பு வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு தடுப்பை மாற்றி அமைத்து, எண்ணில் வி எழுத்துக்கு முன்னால் எஸ் எழுத்தையும் சேர்த்தார்கள். நாங்கள் பார்த்தது அதற்கு முந்தியது, எஸ் இல்லை. இதை எனக்குச் சொன்னவரும் நண்பர்தான். யாருடைய கோபமும் இல்லை, சுட வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஒரு மனிதன் செத்தான்.

நான் சொல்லத் தயங்கிய விஷயம் வேறு ஒன்று. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் பிறரால் சுடப்பட்டவர்கள் அல்ல. தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பத்திரிகையில் வருகிற கொலைகளைவிட, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற இந்தக் காரியம் அதிகம். கலிபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், இல்லாதவர்களைவிடத் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. இந்த மனிதர்கள் எல்லாரும் சாகிற நோக்கத்தோடு வாங்கியவர்களல்ல. துக்கம் எல்லா வீட்டுக்கும் வருகிறது. பல வீடுகளில் வந்து, ஓர் இரவு தங்கி, பொழுது விடிந்ததும் போய்விடுகிறது. அந்த ஓர் இரவில் மேஜை இழுப்பறையில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

மனைவியை இழந்து தனியாக இருக்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது? ரஸ்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரே சொல்லிவிட்டார். 'என் மனைவியை நினைக்கிறீர்கள். என் மகனும் அதையேதான் டெலிபோனில் சுற்றி வளைத்துக் கேட்டான். போன மாரிக்காலத்தில் கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது. இப்போது தெரியும்.'

அவருடைய பதிலை நான் நம்பினேன். ஆனால் ஒருவர் இன்றைக்கு நம்பத் தகுந்தவராக இருப்பது வேறு. ஒரு பொருள் ஐம்பது வருஷம் அந்த வீட்டில் இருக்கப் போவது வேறு. மனசு மாறும், எஃகு மாறாது. அவரிடம் நான் கேட்டது இதுதான்: 'உங்களுக்குப் பிறகு அது யாருடையது?'

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை ரிவால்வர் வாங்குகிறவர்கள் அதிகமாகக் கேட்டுக்கொள்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னால் யார் யார் வைத்திருந்தார்கள் என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள்; முன்னால் யார் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று பார்க்க மாட்டார்கள். அவருக்கு ஒரு மகன். மகனுக்குப் பதினான்கு வயதில் ஒரு பையன். பள்ளியிலும் வீட்டிலும் ஒட்டாமல் அறைக்குள் முடங்கிக் கிடக்கிற பையன் என்று அவரே ஒருநாள் வருத்தப்பட்டிருக்கிறார். சேகரித்த பொருளை வாங்குகிறவன் சொந்தக்காரன் அல்ல. சங்கிலியில் ஒரு கண்ணி. தனக்கு முந்திய கண்ணிகளை அவன் தேர்ந்தெடுக்க முடியாது. பிந்திய கண்ணிக்கு மட்டும் அவன் ஜவாப்தாரி.

ஆகவே வாங்க வேண்டாம் என்றேன். படம் சுவரில் இருக்கிறது. தகப்பனாருடைய விமானி உடுப்பு அலமாரியில் இருக்கிறது. அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இவை போதாமல், அவர் தொட்டே இராத ஓர் ஆயுதத்தைக் கொண்டுவந்து அவர் ஸ்தானத்தில் வைக்க வேண்டுமா?

'போதாது' என்றார் நண்பர். மரியாதையாகத்தான் சொன்னார். 'கடிதங்களில் அப்பா தைரியசாலியாக இருக்கிறார். அந்தப் படத்தில் அவருக்கு வயது இருபத்தொன்று. அந்தச் சாமானின் கனம் என்ன என்று கையில் தெரிந்தால்தான் அந்தப் பையன் எவ்வளவு பயந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு யுத்தத்தைக் கதையாகவே சொல்லிவிட்டேன்.'

கதை எழுதுகிறவன் இதற்கு என்ன மறுமொழி சொல்வது? பொருளுக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்று உண்டு, எழுத்துக்கு அது எட்டாது என்பதை நான் மறுக்க மாட்டேன். கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே அது தெரிந்தது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, குளிர்ச்சி, கைக்குள் வெகு இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த இயல்புதான் எனக்கு அச்சமாக இருந்தது.

பிரிட்டனில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷமே இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்திலேயே சேகரிப்பவர்களுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். 1919-க்கு முன் செய்யப்பட்டு, தோட்டா எளிதில் கிடைக்காத ரகமாக இருந்தால், தக்க அனுமதியோடு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அப்படியில்லாமல் அபூர்வமானதாகவோ, அழகானதாகவோ, சரித்திர முக்கியத்துவம் உள்ளதாகவோ இருந்தால், அதற்கென்று குறிப்பிட்ட இடத்தில் பூட்டி வைத்து, வேண்டும்போது போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நம் கோயில் அம்மன் நகை மாதிரி. சொந்தம், ஆனால் தரிசனத்துக்கு மட்டும். அழகைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றுக்கொண்டு, அதே வரியில் அதை வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். ஆயுத விஷயத்தில் இதைவிட விவேகமான வாக்கியத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது விஷயத்தை மகளிடம் சொன்னேன். 'அவர் அதை வாங்கினால், அப்பா, இவன் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது' என்றாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அதே அபிப்பிராயம் என்று தெரிந்தது. பேரன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணூறு டாலர் என்று விலைச்சீட்டில் எழுதியிருந்ததே, அதில் இந்தச் சதுரங்கப் பலகை சேரவில்லை.

நண்பர் வாங்கினார். மறுநாளே போய் வாங்கினார். ஆனால் என் பேச்சில் பாதியையாவது அவர் காதில் போட்டுக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். கைக்குக் கை வாங்கச் சட்டம் இடம் கொடுத்தும், லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரியின் மூலமாகவே வாங்கி, சோதனைக்கும் பதிவுக்கும் தம்மை உட்படுத்திக்கொண்டார். பிறகு நேரே துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய், தோட்டாவை அடிக்கிற சுத்தியலைக் கழற்றச் செய்தார். அந்தத் துண்டு எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி பாங்கு லாக்கரில் இருக்கிறது. ரிவால்வர் வீட்டில் பூட்டிய பெட்டியில். தோட்டா ஒன்றுகூட வாங்கவில்லை. உயிலைத் திருத்தி, தமக்குப் பின் அது மகனுக்குப் போகாமல் ஊர்ச் சரித்திர மியூசியத்துக்குப் போகும்படி எழுதினார். மியூசியம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் உருக்கிவிட வேண்டும் என்றும் ஒரு வரி. சேகரிப்பவர்கள் இதைக் கேட்டால் மாரில் அடித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு செய்ததைச் சொல்லி, என் மகளிடம் அவரே வந்து பேசினார். சுத்தியல் இல்லாத ரிவால்வரைக் காட்டினார். அவள் அரைமனதாகச் சம்மதித்தாள். ஆனால் ஆட்டம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் என்று நிபந்தனை போட்டாள். அவர் தினமும் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் ஊர் திரும்பிய பிறகு அவரிடமிருந்து கடிதம் வந்தது. எண்ணைக் கொடுத்தால் அந்த ரிவால்வர் எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று பழைய பேரேடுகளைப் பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு இருக்கிறது. பணம் கட்டிக் கேட்டிருக்கிறார். பதில் வந்துவிட்டது. கடற்படைக்கு அது போகவே இல்லை. யுத்த காலத்தில் தொழிற்சாலைக் காவலுக்கும் உள்ளூர்ப் போலீசுக்கும் ஆயுதம் வாங்கிக் கொடுத்த சர்க்கார் ஸ்தாபனத்துக்குப் போயிருக்கிறது. விமானி, விமானியின் மகள் எல்லாம் விற்றவருடைய கற்பனை. அல்லது அவருக்கு விற்றவருடைய கற்பனை.

பெட்டியோடு ஒரு சிறிய தகவல் அட்டை வைத்திருந்தாராம். அதில் 'கடற்படை விமானி ஒருவருடையது என்று விற்றவர் சொன்னார். ஆதாரம் இல்லை' என்று முதலிலேயே எழுதியிருந்தாராம். இப்போது அதை அடித்துவிட்டு, தொழிற்சாலைக் காவலர் ஒருவர் இரவுக் காவலில் வைத்திருந்தது, சுட்டதாகத் தெரியவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் அதற்கும் ஆதாரம் இல்லையே, ஆகவே எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதினேன் என்கிறார். திருப்பிக் கொடுக்க மனமில்லையாம். கடிதத்தின் அடியில், என் பேரன் குதிரையை இன்னும் அவசரப்பட்டே வெளியே கொண்டுவருகிறான் என்று ஒரு குறை.